மேற்குக் கிடங்கின் ஒன்பதாவது குருவி

1961 செப்டெம்பர் 18, திங்கள்

காலை ஐந்தே முக்காலுக்கு, குவாரியில் கல் வெட்டியெடுத்த மேற்குக் கிடங்கில் நின்றேன். வானம் வெளிப்பு. கிடங்கின் அடியில் தண்ணீர் முழங்கால் அளவுதான் மிச்சம். கண்டவை: கொக்கு பதினேழு, ஆட்காட்டி நான்கு, மீன்கொத்தி இரண்டு, புலுனி ஒரு கூட்டம் (ஏழு), மயில் ஒன்று, கல்வெடிப்புக்குள் திரியும் கறுப்புச் சிட்டு ஒரு சோடி, பெயர் தெரியாத தவிட்டுக் குருவி ஒன்று. பெயர் தெரியாததைப் பெயர் தெரியாதது என்றுதான் எழுதுவேன். தெரிந்தது போல எழுதுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

இது பதினோராவது கொப்பி. குவாரியில் நான் வெடிகாரனாக இருந்த காலத்தில், வெடி வைத்தால் அரை மணித்தியாலம் எவரும் உள்ளே இறங்கக்கூடாது. அந்த அரை மணித்தியாலத்தில் மற்றவர்கள் வெற்றிலை போட்டார்கள். நான் குருவி பார்த்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன், அகராதியைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கூட்டி ஓர் ஆங்கிலக் குருவிப் புத்தகத்தை முழுவதும் படித்தேன். நான்கு வருடம் எடுத்தது. ஒருவரும் சொல்லித் தரவில்லை.

திரும்பி வரும்போது வழியில் மனேச்சர் சின்னராசா.

"வீரகத்தியர் இன்னும் எண்ணிறியளோ?"

"ஓம். எண்ணத் தெரிஞ்சவன் எண்ணத்தானே வேணும்."



மார்ச் இரண்டாம் திகதியை இதுவரை எந்தக் கொப்பியிலும் நான் எழுதவில்லை. இன்று எழுதிவிடுகிறேன். அன்று மேற்குச் சுவரில் பன்னிரண்டு துளை. கீழே பத்து, மேல்மூலையில் இரண்டு. பன்னிரண்டு திரிக்கும் நானே நெருப்பு வைத்துவிட்டு, சுவருக்குப் பின்னாலுள்ள என் மறைவிடத்துக்குப் போய் எண்ணினேன். பதினொன்று வெடித்தது. கிழக்கே கல்லுடைக்கிற கொட்டிலில் நின்ற மனேச்சர் பன்னிரண்டு என்றார். கிளாக்கர் பன்னிரண்டு என்றான். கல்லுடைக்கும் பெண்கள் ஒன்பது பேரும் பன்னிரண்டு என்றார்கள். ஒன்று குறைந்தால், வெடிக்காத மருந்து சுவருக்குள் உயிரோடு கிடக்கிறது என்று அர்த்தம். ஒருவரையும் நான் உள்ளே விடவில்லை. ஒன்றரை நாள் விடவில்லை. பிறகு என்னை விலக்கிவிட்டு ஆள் இறக்கிப் பார்த்தார்கள். உடைந்த கல்லைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "வீரகத்தியருக்குக் காது கேளாமல் போட்டுது" என்று கதை முடிந்தது. ஒரு சால்வையைப் போர்த்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். மேற்குக் கிடங்கைக் கைவிட்டுக் கிழக்கே புதிதாக ஒன்று திறந்தார்கள்.

முப்பத்தொரு வருடம். என் எண்ணிக்கையை நம்பி இறங்கியவர்களில் ஒருவருக்கும் ஒரு நகம் போகவில்லை.

பதினொன்று. செத்தாலும் பதினொன்று.

செப்டெம்பர் 26, செவ்வாய்

தவிட்டுக் குருவி இன்றும் அதே மரக்கொப்பில். வாலை நடுக்குகிறது. இன்னும் பெயரில்லை.

ஒக்டோபர் 7, சனி

வந்துவிட்டது! ஆறுமணிக் குருவி. மாலை ஆறுக்கு இரண்டு நிமிடம் இருக்க மேல்மூலைப் பாலைமரத்தடியில் முதற் குரல். இரண்டு சீழ்க்கை, இரண்டாவது கொஞ்சம் இழுபடும். பச்சை முதுகு, நீலச் சிறகு, கண்ணுக்குக் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமம் — இவ்வளவு நிறத்தையும் வைத்துக்கொண்டு சருகுக்குள் ஒளித்துத் திரிகிற பிராணி வேறொன்றில்லை. ஆளைக் காண்பது வருடத்தில் இரண்டு தரம். ஆகவே காதாலேதான் எண்ண வேண்டும். அதற்குத்தான் நான் இருக்கிறேன்.

வீட்டுக்கு ஓடிவந்து தெய்வானையிடம் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, யாழ்ப்பாணத்திலையிருந்து மகள் வந்தாக்கூட உப்பிடி ஓடிவந்து சொல்லமாட்டியள்" என்றாள்.

மகள் பஸ்ஸில் வருகிறாள். இது இமயமலை அடிவாரத்திலிருந்து தன் சிறகால் வருகிறது.

ஒக்டோபர் 23, திங்கள்

கொழும்பிலிருந்து ஒரு உத்தியோகத்தர். பெயர் யோகலிங்கம், முப்பது வயது இருக்கும். காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகியிருக்கிறார். குவாரிக் காணி அரசாங்கத்தின் குத்தகைக் காணி. குத்தகையைப் புதுப்பிக்க முன் அதிலுள்ள பறவைகளையும் அவை இருக்கிற இடங்களையும் பட்டியல் போட வேண்டுமாம். மனேச்சர் அவரிடம், "இஞ்சை காகமும் கொக்கும்தான் ஐயா. ஒரு மணித்தியாலத்திலை முடிச்சுப் போடலாம்" என்றாராம். நல்ல காலம், கிளிநொச்சியிலிருந்து அவரை ஏற்றி வந்தது ஆதம்பாவாவின் லொறி. முல்லைத்தீவிலிருந்து வந்து இங்கே கல்லேற்றுகிறவர். எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதர். வாய் சும்மா இருக்காது. வழி முழுக்க என் புகழைத்தான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்.

உத்தியோகத்தர் நேரே என் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்து பதினொரு கொப்பியையும் பிரட்டினார். தேத்தண்ணி ஆறிப் போனது. ஒரு இடத்தில் நிறுத்தி, "ஐயா, இந்த வால் நடுக்கிற தவிட்டுக் குருவி ஈப்பிடிப்பான் இனம். மாரிக்கு வெளியிலையிருந்து வாறது. நீங்கள் எழுதியிருக்கிற விபரமே போதும்" என்றார்.

பெயர் தெரியாதது என்று எழுதியதற்குக் கிடைத்த பலன்.

ஒக்டோபர் 25, புதன்

இரண்டு நாளும் அவரோடு நடந்தேன். கிழக்குக் கிடங்கு, மேற்குக் கிடங்கு, கழிவுக்கல் மேடு, குளக்கரைப் பற்றை. அவர் தூரக்கண்ணாடி போட்டுப் பார்க்கு முன் நான் பெயர் சொன்னேன். ஒன்பது தரம் அப்படி. கண்ணாடி எனக்கும் தந்தார். ஆட்காட்டியின் கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம் இருக்கிறது! பதினொரு வருடமாக எனக்குத் தெரியாது. எழுதிக்கொண்டேன்.

மாலையில் கொட்டில் வாசலில் நின்று இருவரும் ஆறுமணிக் குருவியை எண்ணினோம். கதைக்காமல் ஆளுக்கொரு துண்டில் எழுதினோம். அவர் எட்டு. நான் ஒன்பது.

"ஐயா, ஒன்பதாவதிலை எனக்குச் சந்தேகம். மேல்மூலைக் குருவி கூப்பிட்ட கையோடை அது கூப்பிடுது. இந்தக் குருவி அவ்வளவு அவசரப்பட்டு மறுமொழி சொல்லாது."

"தம்பி, உம்மட காதுக்கு முப்பது வயசு. என்ர காது முப்பத்தொரு வருசம் வெடி எண்ணின காது."

"இல்லை ஐயா, ஒரு பேச்சுக்குத்தான்…"

"ஒன்பது எண்டு எழுதாட்டில் என்ர கொப்பியிலையிருந்து ஒரு வரி எடுக்கக்கூடாது."

தன் துண்டிலிருந்த எட்டை வெட்டினார். பிறகு ஒன்பது என்று எழுதினார். என் கண்முன்னால்.

நவம்பர் 14, செவ்வாய்

தபாலில் பட்டியலின் பிரதி. தட்டெழுத்து, நான்கு பக்கம். முறிகல் குவாரிக் காணியில் தொண்ணூற்றாறு இனம். அதில் அறுபத்தொன்றுக்கு நேரே அடையாளம் போட்டிருக்கிறது: வீரகத்தியின் குறிப்பேடுகளிலிருந்து. 'ஆறுமணிக் குருவி — 9. முறிகல் வீரகத்தியின் எண்ணிக்கை.' என் பெயர்! காது போன மனிசன் எண்ணிய எண்ணிக்கை, அரசாங்கத் தாளில்!

தெய்வானைக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். ஆதம்பாவாவுக்கு மூன்று தரம். "போதும் அண்ணை, இனி நான் பார்க்காமலே சொல்லுவன். மூண்டாம் பக்கத்திலை ஆந்தை ரெண்டு வகை" என்றார். இருந்தாலும் லொறியை நிற்பாட்டி வைத்து நாலாந் தரமும் கேட்டார். நல்ல மனிசன்.

நவம்பர் 29, புதன்

ஐந்து நாள் மழை. கிடங்கில் தண்ணீர் இடுப்புக்கு மேல். நீர்க்காகம் முதல் தரம்.

டிசம்பர் 4, திங்கள்

குத்தகை புதுப்பித்தாயிற்று. என் பட்டியலை வைத்துத்தான். அந்தச் சந்தோசத்தை ஒரு நாள்கூட வைத்திருக்க விடவில்லை. பொங்கல் கழிய மேற்குக் கிடங்கைத் திரும்பத் திறக்கிறார்களாம். பரந்தனுக்கு நிறையக் கல் வேண்டுமாம். முதல் வேலை, மேல்மூலைக்குக் கீழே, தண்ணீருக்கு மேலே சரிந்து கிடக்கிற கல்லைப் பெண்களைக் கொண்டு சம்மட்டியால் உடைத்து அப்புறப்படுத்துவது.

சம்மட்டியால். அந்தச் சுவருக்குக் கீழே.

மனேச்சரின் கந்தோருக்குப் போனேன். இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை.

"மேல்மூலையிலை ஒண்டு வெடிக்காமல் கிடக்கு."

"அண்ணை, ஒன்பது மாசமாச்சு. பன்னிரண்டு கேட்டது எண்டு குவாரிப் புத்தகத்திலை கிடக்கு."

"புத்தகத்திலை கிடக்கிறது நீங்கள் எழுதினது. சுவரிலை கிடக்கிறது நான் வைச்சது."

"பதினொரு பேர் கேட்டதைவிட ஒரு ஆள் கேட்டது பெரிசோ? வயசு போனா எல்லாருக்கும் வாறதுதான். அதிலை வெக்கப்பட என்ன இருக்கு?"

வெக்கமோ? எனக்கோ?

டிசம்பர் 5, செவ்வாய்

கல்லுடைக்கும் பெண்களில் மூத்தவள் இரஞ்சிதம். அவளிடம் சொன்னேன். சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பு, நானும் பன்னிரண்டுதானே கேட்டனான். மறைக்கேல்லை. என்ர ரெண்டு காதாலையும் கேட்டனான்."

"பதினொண்டு, பிள்ளை."

"நீங்கள் பொய் சொல்லமாட்டியள். நானும் சொல்லேல்லை. நான் மாட்டன் எண்டா நாளைக்கு வேறை ஆள் வரும், அப்பு. பன்னிரண்டு எண்டு நானே சொல்லிப்போட்டு இப்ப என்னத்தைச் சொல்லி மாட்டன் எண்ணிறது?"

 நான் சரி என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்து என்ன? ஒன்பது பெண்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

டிசம்பர் 18, திங்கள்

வழி எடுக்கிறோம் என்று மேல்மூலைப் பற்றையை நான்கு பேர் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். பாலை நிற்கிறது. அடியில் ஒன்றுமில்லை, மொட்டை.

டிசம்பர் 19, செவ்வாய்

மாலை எண்ணிக்கை, கொட்டில் வாசலிலிருந்து: எட்டு. இரண்டு தரம் எண்ணினேன். எட்டு.

ஒன்றைக் கொன்றுவிட்டார்கள். பற்றை வெட்டியவர்களிடம் போய்க் கேட்டேன். "குருவி தின்னுற சாதியோ நாங்கள்?" என்று ஒருவன் கத்தியோடு எழும்பினான். கொன்றவன் ஒத்துக்கொள்வானா?

டிசம்பர் 20, புதன்

விடியத் தொடங்கி வெயில் ஏறும்வரை தேடினேன். ஒரு இறகு இல்லை. இரத்தம் இல்லை.

காலையில் எட்டு. மாலையில் எட்டு. ஒவ்வொன்றும் எந்த இடத்திலிருந்து கூப்பிடுகிறது என்று படம் கீறினேன். மேல்மூலைக் குருவி சாகவில்லை, குளக்கரைக்கு மாறியிருக்கிறது. அதன் குரலில் ஒரு கீறல் உண்டு, எனக்குத் தெரியும். மற்ற ஏழும் முந்தின இடத்திலேயே. அப்படியானால் காணாமற்போனது ஒன்பதாவது. அது கூப்பிட்ட இடம் வடக்குச் சுவர்.

வடக்குச் சுவரில் புல்லும் இல்லை. அறுத்தெடுத்த கட்டி போல வெறுங் கல். சருகில் வாழ்கிற குருவிக்கு அங்கே என்ன வேலை? இந்தக் கேள்வியை ஏன் நான் ஒக்டோபரில் கேட்கவில்லை?

அந்தப் பெடியன் கேட்டான். யோகலிங்கம். "கூப்பிட்ட கையோடை" என்றான்.

டிசம்பர் 21, வியாழன்

கொட்டிலடியில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரஞ்சிதம் கேட்டாள், "என்ன அப்பு தேடுறியள்?" சொன்னேன். சிரித்தாள்.

"அது சுவர் கத்திறது, அப்பு. மனேச்சர் மேல்மூலையிலை நிண்டு என்னைக் கூப்பிட்டா 'இரஞ்சிதம், இரஞ்சிதம்' எண்டு ரெண்டு தரம் கேக்கும். துவக்கத்திலை அந்தாளுக்குக் கோவம் எண்டு நினைச்சு ஓடுவன். பேந்துதான் பிடிபட்டுது."

அவளை மேல்மூலை வெட்டைக்கு அனுப்பி, ஒரு தரம் மட்டும் கூப்பிடச் சொன்னேன். "அப்பு" என்று கூப்பிட்டாள். கொட்டிலில் எனக்கு இரண்டு தரம் கேட்டது. இரண்டாவதும் முதலாவது போலவே தெளிவு. கிடங்குக்குள் இறங்கித் தண்ணீர் ஏறாத கழிவுக்கல் மேட்டுக்குப் பின்னால் நின்று கூப்பிடச் சொன்னேன். ஒரு தரம்தான் கேட்டது.

மேல்மூலையிலிருந்து வருகிற சத்தத்தைத்தான் வடக்குச் சுவர் திருப்பி அனுப்புகிறது. அதுவும் கொட்டிலுக்கு நேரே.

டிசம்பர் 22, வெள்ளி

எட்டு.

நான் பிழை. அந்தப் பெடியன் சரி. அவனைக் கட்டாயப்படுத்திப் பிழையை எழுத வைத்தேன். என் பெயருக்கு நேரே அரசாங்கத் தாளில் கிடக்கிறது ஒரு பொய்.

இது இரஞ்சிதத்துக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவளுக்கு இதில் ஒரு கணக்குமில்லை. நான் வாயை மூடினால் முடிந்தது. வாயைத் திறந்தால் மனேச்சர் சொல்வார், "பார்த்தியளோ, குருவியே எண்ணத் தெரியேல்லை, வெடி எண்ணினாராம்" என்று. பிறகு அந்தப் பெண்களைத் தடுக்க என்னிடம் என்ன இருக்கிறது?

அதற்காக — எட்டை ஒன்பது என்று வைத்திருக்கலாமோ? கிளாக்கர் செய்வான். நான் செய்யமாட்டேன். பதினொன்றைப் பன்னிரண்டு என்று சொல்லாததற்குத்தானே என்னை அனுப்பினார்கள்.

கடிதம் எழுதிவிட்டேன். ஒரே பக்கம். 'ஆறுமணிக் குருவி எட்டு. ஒன்பதாவது எதிரொலி. பிழை என்னுடையது. திருத்தவும்.'

டிசம்பர் 23, சனி

கடிதத்தைத் தபாலில் போட ஆதம்பாவாவின் லொறியில் கிளிநொச்சிக்குப் போனேன். என் முகத்தில் செத்தவீட்டுக் களையைக் கண்டு, "என்ன அண்ணை, ஆரும் மௌத்தோ?" என்றார். முழுவதையும் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிரிக்காதையும், காணும்! சுவர் கத்தினதை நான் குருவி எண்டு எண்ணிப்போட்டன்."

"இல்லை அண்ணை, நான் நினைச்சன்… அந்தச் சுவர் குருவி கத்தினா மட்டுந்தான் கத்துமோ? இல்லாட்டில் என்ர லொறி ஹோனுக்கும் கத்துமோ?"

லொறியை நிறுத்தச் சொன்னேன். நடு றோட்டில். பின்னால் ஒரு மாட்டு வண்டிக்காரன் ஏசினான்.

மார்ச் இரண்டு. கீழே பத்துத் துளை. அவற்றின் சத்தத்தைக் கழிவுக்கல் மேடு மறைத்திருக்கும். மேல்மூலையில் இரண்டு. அதில் ஒன்றுதான் வெடித்தது. அது வடக்குச் சுவரில் பட்டுக் கொட்டிலுக்குத் திரும்பியது. பத்தும் ஒன்றும், சுவர் கத்தியது ஒன்றும் — கொட்டிலில் நின்ற பதினொரு பேருக்கும் பன்னிரண்டு! ஒருவரும் பொய் சொல்லவில்லை. நான் இருந்ததோ மேற்குச் சுவருக்குப் பின்னால். எதிரொலி அங்கே வராது. எனக்குப் பதினொன்று.

குருவியை நான் எண்ணியது எங்கே நின்று? கொட்டிலில். அவர்கள் நின்ற அதே இடம். அவர்கள் விட்ட அதே பிழையைத்தான் நானும் விட்டிருக்கிறேன்.

"ஆதம்பாவா, நீர் மனிசனடாப்பா!" என்றேன்.

"இப்பதான் தெரியுமோ?" என்றார்.

கடிதத்தைப் போட்டேன். நான் சரி என்றாலும் குருவி எட்டுத்தானே.

1962 ஜனவரி 8, திங்கள்

மனேச்சரிடம் போனேன். படம் கீறிக் காட்டினேன். முழுவதும் கேட்டார், அதை மறுக்கமாட்டேன். கடைசியில், "அண்ணை, உங்கட எண்ணிக்கை பிழை எண்டு நீங்களே கொழும்புக்கு எழுதிப் போட்டியள் எண்டு கேள்விப்பட்டன். பேந்து எப்பிடி உங்கட எண்ணிக்கையை நான் நம்பிறது?" என்றார். கிளாக்கர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

வெளியே வந்து இரஞ்சிதத்துக்கும் அதே படத்தைக் காட்டினேன். இன்னும் எட்டு நாள். செவ்வாய் திறக்கிறார்கள்.

ஜனவரி 14, ஞாயிறு

பொங்கல். கிடங்கில் உள்ளான் பதினொன்று, வாலாட்டி மூன்று. தெய்வானை, "சாப்பிட்டிட்டாவது எண்ணுங்கோவன்" என்றாள்.

ஜனவரி 16, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். 

ஏழு மணிக்கே கிடங்கு வாயிலில் போய் நின்றேன். பெண்கள் சம்மட்டியோடு வந்தார்கள். மனேச்சர் "இறங்குங்கோ" என்றார். இரஞ்சிதம் நிலத்தில் குந்தினாள். மற்ற எட்டுப் பேரும் குந்தினார்கள்.

"என்னடி இது?"

"ஐயா, சுவர் கத்திறது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். என்னை எத்தினை தரம் அந்த மூலையிலை நிண்டு கூப்பிட்டிருப்பியள்? அப்பு சொல்லிறதை ஒருக்காப் பாத்திட்டு இறங்கிறம்."

"வேலை வேண்டாமோ?"

"வேலை வேணும். கையும் வேணும்."

அதே நேரம் ஆதம்பாவா வந்து சேர்ந்தார், கை நிறையச் சீனவெடிக் கட்டோடு. "அண்ணை, இதைக் கொளுத்திக் காட்டுவம்!" நான் போட்ட சத்தம் அந்தச் சுவரையே இரண்டு தரம் கத்த வைத்திருக்கும். மருந்து கிடக்கிற இடத்தில் நெருப்போ? முப்பத்தொரு வருடத்தில் அப்படியொரு விசர்க்கதை நான் கேட்டதில்லை. லொறியிலிருந்து இரண்டு பலகையை எடுக்கச் சொன்னேன். ஓங்கிச் சேர்த்து அடித்தால் வெடிக்குக் குறையாது.

மனேச்சரையும் கிளாக்கரையும் பெண்களையும் கொட்டிலில் கிடங்குக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னேன். மனேச்சர் நின்றார். ஏன் நின்றார் என்று இப்போதும் யோசிக்கிறேன். 'இரஞ்சிதம், இரஞ்சிதம்' என்பது அவர் காதிலும் விழுந்திருக்குமோ என்னவோ.

முதலில் கழிவுக்கல் மேட்டுக்குப் பின்னால் மூன்று அடி அடித்தேன். பிறகு சுற்றி ஏறி, மேல்மூலைக்கு எட்டத்தில், பாலையடி வெட்டையில் நின்று மூன்று. இரண்டு பலகையும் தோளில். அறுபத்தாறு வயது. ஒரு தரமும் நின்று மூச்சு வாங்கவில்லை.

திரும்பி வந்து கேட்டேன்.

"முதல் எத்தினை?"

"மூண்டு" என்றார்கள்.

"ரெண்டாந் தரம்?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கிளாக்கர், "ஆறு" என்றான்.  நான் மனேச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆறு" என்றார், கடைசியில்.

"அடிச்சது மூண்டு" என்றார் ஆதம்பாவா. "நான் கிட்ட நிண்டனான். அல்லா அறிய மூண்டு."

மனேச்சர் கொட்டில் மரத்தைப் பிடித்துக்கொண்டார். "இறங்க வேண்டாம்" என்றார்.  "ஒருத்தரும் இறங்க வேண்டாம். ஏரம்பைக் கூப்பிடுங்கோ."

ஏரம்பு எனக்குப் பின் வந்த வெடிகாரன். அவன்மேல் எனக்கு நல்ல எண்ணம் இருந்ததில்லை.

ஜனவரி 19, வெள்ளி

ஏரம்பு மூன்று நாளாக மேலிருந்து கயிற்றில் இறங்கி, கையால் ஒவ்வொரு கல்லாக எடுத்தான். இரும்பு தொடவில்லை. தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவினான். வேலை தெரிந்தவன், எழுதத்தான் வேண்டும். இன்று காலை பத்தரைக்கு மேலே பார்த்துக் கத்தினான்.

"அண்ணை! கிடக்கு!"

துளையில் மருந்து அப்படியே. திரி பாதிவரை எரிந்து அணைந்து நூர்ந்திருக்கிறது. அதற்கு நேர்கீழே நான்கு அடியில்தான் பெண்கள் சம்மட்டி போட இருந்த கல்.

இரஞ்சிதம் எட்டிப் பார்த்தாள்.  மற்றப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தூரத்தில் இருத்தினாள். மாலையில் ஏரம்பு பக்கத்தில் வேறு துளை போட்டு இரண்டையும் சேர்த்து வெடித்தான். என்னைத்தான் எண்ணச் சொன்னான்.

ஜனவரி 20, சனி

மனேச்சர் வீட்டுக்கு வந்தார். தெய்வானை கதிரை போட்டாள். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "அண்ணை, நடந்தது நடந்துபோச்சு. வெடி வைக்கிற நாளிலை வந்து எண்ணித் தாங்கோ" என்றார்.

"வாறன். முதல் குவாரிப் புத்தகத்தைக் கொண்டு வாங்கோ."

"புத்தகம் எதுக்கு?"

"மார்ச் ரெண்டு. பன்னிரண்டை வெட்டிப் பதினொண்டு எண்டு எழுதிக் கையெழுத்து வைக்கோணும்."

"அது பழைய கதை, அண்ணை…"

"கொழும்புக் கடுதாசியிலை என்ர ஒன்பதை நானே வெட்டினனான். உங்கட கை என்ன கல்லோ?"

தெய்வானை குசினிக்குள் இருமினாள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. மனேச்சர் எழும்பிப் போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். அரை மணித்தியாலத்தில் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்ப வந்தார். வெட்டினார். எழுதினார். கையெழுத்து வைத்தார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. எனக்கு அது தேவையுமில்லை. பதினொன்று போதும்.

பெப்ரவரி 13, செவ்வாய்

யோகலிங்கத்தின் கடிதம். 'ஐயா, இதுவரை எனக்கு வந்த திருத்தங்களெல்லாம் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லி வந்தவை. குறைக்கச் சொல்லி வந்தது இது ஒன்றுதான். எதிரொலி என்று எனக்கும் தோன்றவில்லை. சந்தேகம் மட்டும் இருந்தது. அதை உங்களிடம் அழுத்திச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அது என் பிழை.' திருத்திய தாளும் வைத்திருக்கிறார். 'ஆறுமணிக் குருவி — 8. முறிகல் வீரகத்தியின் எண்ணிக்கை. எண்ணியவரே மீண்டும் சோதித்துத் திருத்தியது.'

பழைய தாளுக்கு மேலே இதை ஒட்டினேன். முந்தினதைவிட இதில் என் பெயர் நன்றாக இருக்கிறது.

அந்தப் பெடியன் துணிந்து சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா? மாட்டேன்.

மார்ச் 9, வெள்ளி

மீன்கொத்தி மண்சரிவில் வளை தோண்டுகிறது. இரஞ்சிதம் கண்டுபிடித்துச் சொன்னாள். அவள் பெயரோடு எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 17, செவ்வாய்

காலையில் ஆறுமணிக் குருவி ஒன்று. மாலையில் இல்லை. போய்விட்டன.

இன்று வெடி ஒன்பது. பெப்ரவரியிலிருந்து நான் சுவருக்குப் பின்னால், இரஞ்சிதம் கொட்டிலில் — இரண்டு பேர் எண்ணுகிறோம். இரண்டும் ஒத்து வந்தால்தான் ஆள் இறங்கலாம். நான் போட்ட சட்டம். இன்று எனக்கு ஒன்பது. அவளுக்கு எட்டு. இரண்டு சேர்ந்து வெடித்தன, எனக்கு நிச்சயம். "எட்டு எண்டா எட்டுத்தான், அப்பு" என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகென்ன, எல்லோரும் வெளியே. ஏரம்பு மட்டும் மேலிருந்து ஒவ்வொரு துளையாகச் சோதிக்கப் போனான். லொறி மூன்று காத்து நின்றது. காது என்ற சொல்லை ஒருவரும் எடுக்கவில்லை.

மனேச்சர் வந்து என் பக்கத்தில் குந்தினார். வெயில். சால்வையால் முகத்தைத் துடைத்தார். சுவரைக் காட்டி, "அண்ணை, உந்த வெடிப்புக்குள்ளை வாலை நிமித்திக்கொண்டு நிக்கிறது என்ன குருவி?" என்று கேட்டார்.

கறுப்புச் சிட்டு என்றேன். ஒரு சோடி, இரண்டு என்றேன்.

"நான் மூண்டெல்லோ கண்டனான்" என்றார்.

ஏரம்பு ஏறி வரும்வரை இருவரும் அந்த வெடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.